கட்டாயப் பயிற்சி

மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சிக்கு ஆசிரியர்கள் எல்லோரும் கட்டாயம் வரவேண்டும் என்று உத்தரவு. காய்ச்சலில் கிடந்த மகளை மண்டூரில் தாயிடம் விட்டுவிட்டு வதனி மட்டக்களப்புக்கு வந்திருந்தாள். கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

“கண்ண மூடி மூச்ச மெதுவா இழுங்க. நான் சொல்லும்வரைக்கும் திறக்கப்படா,” என்றாள் பயிற்சியாளர் மேர்லின்.

வதனிக்கு மகளின் நினைப்பாகவே இருந்தது. வீட்டுக்குப் போக விடும்படி கேட்டுவிடலாம் என்று கண்ணைத் திறந்தாள்.

மூலையில் மேர்லின் அழுதபடி கைப்பேசியில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். “பிள்ள இன்னும் குடிச்சதெல்லாம் சத்தி எடுக்கிறானா அம்மா? இடையில வந்தா எனக்கு வேல போயிரும்…”

வதனி சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சற்றுநேரத்தில் மேர்லினின் குரல் கரகரத்தது. “இனிக் கண்ணத் திறக்கலாம்.”

“மிஸ், கண்ண மூடியிருக்க இன்னும் அஞ்சு நிமிஷம் தாங்க,” என்றாள் வதனி.