பானட்டில் ஒரு பள்ளம்

பியூலாவின் அண்ணன் அவசரமாக வெளிநாடு கிளம்பியபோது சும்மா கொடுத்துவிட்டுப் போன பழைய கார் அது. "பெயின்ட் அடிச்சாலும் பானட்டை மட்டும் சுரண்டாதீங்க மாப்ள" என்று சொல்லியிருந்தான். பட்டறைக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகாமல் பியூலாவின் கணவன் எட்வின் வாசலிலேயே உப்புத்தாளால் தேய்த்தான். பியூலா தண்ணீர் ஊற்றினாள். பானட்டில் கைவைத்ததும் பெயின்ட்டுக்கு அடியில் பூசியிருந்த பழைய பட்டி பாளம்பாளமாகப் பெயர்ந்தது. அடியில் பள்ளம். ஒரு தலை, ஒரு தோள், விரித்த கை.

"யாரு பியூலா இது?"

அவள் புதுப் பட்டி டப்பாவைத் திறந்தாள். பட்டி பூசும் தகட்டைத் தேடாமல், கட்டைவிரலாலேயே தலையை நிரப்பினாள், பிறகு தோளை. கைக்கு வந்ததும் நிதானித்தாள்.

"போன தடவையும் இந்த விரல்கிட்டதான் பட்டி நிக்கவே இல்ல" என்றாள்.