மூன்று மாத மேகம்

"ஏம்மா மர்சியானா, மேகம் வீடு கட்டிக் குடியிருக்குமா?"

எங்கள் சிந்தாங் வனத்துறை அலுவலகத்தில், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, காடு அழிந்த இடத்தைச் சிவப்பில் குறிப்பது அவள் வேலை. சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

"புரியல சார்."

"சுத்திலும் காடு பளிச்சுனு தெரியுது. இந்த ஒரு கட்டத்துல மட்டும் மூணு மாசமா 'மேகம் மறைக்குது'ன்னு போட்டிருக்கே. அதுவும் கோடையில."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மரம் கடத்துறவன் எவனுக்காவது வேண்டியவளா நீ?"

"ஐயோ, இல்ல சார். அந்த இடத்துக்கு மட்டும் நீங்க போக வேணாம் சார்."

அது போதாதா எனக்கு? பொய் என்றாலே எனக்கு ஆகாது. வேலைநீக்கக் கடிதத்தை அடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாளே படகேறிவிட்டேன்.

மூன்று மணி நேரம் ஆற்றில் பயணம். அப்புறம் அட்டைக்கடியோடு மலையேற்றம். பாதுகாக்கப்பட்ட காட்டின் நடுவே, வெட்டி எரித்த கறுப்பு நிலம். ஒருவர் கழியால் குழி குத்தி நெல் விதைத்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா அது?" அதட்டினேன்.

திரும்பினார். என் மாமனார்!

"வாங்க மாப்ள. பசியோட வந்திருப்பீங்க."

"மாமா, இங்க மரம் வெட்டினா ஜெயில்னு தெரியாதா?"

"எங்கப்பா பயிர் செஞ்ச இடம் இது. அடுத்த வருஷம் பேத்தி கல்யாணம். உங்க பொண்ணு விருந்துக்குக் கடை அரிசியா வாங்கிப் போடுறது? ஊரு சிரிக்காது?"

பையை இறக்கிவைத்துவிட்டு ஒரு கட்டைமேல் உட்கார்ந்தேன்.

"உங்க ஆபீஸ் பொண்ணு இடத்தை நேர்ல பாக்க வந்தா. உங்க வீட்டுல என்னைப் பாத்திருக்காளாம், கண்டதும் ஒரே அழுகை. 'விஷயம் வெளிய வந்தா எங்க சார் வேலையே போயிரும், இந்த ஒரு போகத்தோட விட்டுருங்க'ன்னா. சரின்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

பாவிப் பெண். அவளைப் போய் என்ன வார்த்தை கேட்டுவிட்டேன்!

மாமா சோறு வடிக்கக் கிளம்பினார். அடுப்புப் பற்றவைக்கப் பையிலிருந்த கடிதத்தைக் கொடுத்தேன்.

சாப்பிட்டு இறங்கிப் படகுத்துறைக்கு வந்ததும் போன் அடித்தது. மர்சியானாதான்.

"சார், அறிக்கை இன்னிக்கு அனுப்பணும். அந்தக் கட்டத்துல என்ன போடட்டும்?"

அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

"மேகம்னே போடும்மா," என்றேன்.