காயாத ஆசை

பொழுதுபோக்குக்கு ரேடியோ செய்யும் எட்வின் சார் கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்க நான்காவது சால்டரிங் அயர்ன் வாங்கினார். விலை உயர்ந்தது, சூட்டை எண்களில் காட்டும். ஒரே வாரத்தில் அதன் மூக்கும் கறுத்து, ஈயம் ஒட்டவில்லை.

டிராயரில் கிடந்த பழைய அயர்ன்கள் சிரித்தன. "இனி உப்புத்தாளால் தேய்ப்பார், தம்பி. மூக்கின் பூச்சு போய்விடும். அப்புறம் நீயும் இங்கேதான்."

புதியது பதறியது. "வேறு வழியே இல்லையா?"

"இருக்கிறதே!" என்றது முதல் அயர்னோடு வந்த ஸ்பாஞ்சு. "என்னை நனைத்து, சூட்டோடு உன் மூக்கை என்மேல் துடைத்தால் போதும். நாலு வருஷமாகத் தண்ணீருக்குக் காத்திருக்கிறேன்."

எட்வின் சார் டம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்தார். எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டன.

அவர் மடமடவென்று குடித்தார். காலி டம்ளரை ஸ்பாஞ்சின் மேல் வைத்துவிட்டு, உப்புத்தாளை எடுத்தார்.