லினக்ஸுக்கு ஏற்ற மதர்போர்டு

லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினி மதர்போர்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஓய்வுபெற்ற காவல்துறைக் கண்காணிப்பாளர் நடத்திய விசாரணையை, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட நடத்தவில்லை. அந்த மாப்பிள்ளையை மகள் வேண்டாமென்ற நாளிலிருந்து, ஒரே வீட்டில் இருவருக்கும் பேச்சில்லை.

"இதுல வைஃபை வேலை செய்யுமான்னு கேட்டிருக்கேன். இணையக் குழுவுல ஒருத்தர் தினமும் பதில் சொல்றார். ரொம்பப் பொறுமைசாலி" என்றார்.

"உங்களுக்கே பதில் சொல்றார்னா பொறுமைசாலியாத்தான் இருக்கணும்" என்றாள் மனைவி, பெருக்கிக்கொண்டே.

கட்டிலுக்கடியில் துடைப்பம் ஒரு பெட்டியில் இடித்தது. மதர்போர்டு வந்த பெட்டி, காலியாக இருந்தது.

"இதைத்தான் வாங்கி மாட்டியாச்சே. இன்னும் என்ன கேள்வி?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் நல்லாத்தான் ஓடுது. அதைச் சொல்லிட்டா, அப்புறம் என்னத்தைக் கேக்கறது?"

திரையை அவள் பக்கம் திருப்பினார். பதில் சொல்பவரின் பெயர் 'சர்க்கரை எறும்பு'. சின்ன வயதில் சர்க்கரை டப்பாவைக் காலி செய்த மகளுக்கு அவரே வைத்த பட்டப்பெயர்.

மனைவி, மூடியிருந்த மகளின் அறைக்கதவைப் பார்த்தாள். "கேக்கறது நீங்கதான்னு அவளுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? வேற பேர்லதானே கேக்கறேன்" என்றார், இத்தனை வருடம் ஊரையே விசாரித்த உறுதியோடு.

கதவுக்குப் பின்னால் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. திரையில் பதில் வந்தது.

"வைஃபை நன்றாக வேலை செய்யும். சவுண்டு பற்றி நாளைக்குக் கேளுங்கள். முதலில், காலையில் மறந்த பிரஷர் மாத்திரையைப் போடுங்கள்."