நாரைகள் எந்தப் பக்கம்?

“இன்னிக்கு எந்தப் பக்கம் வந்திருக்கு டாக்டரம்மா?”

போனில் பேக்கரிக்காரரின் குரல் வழக்கம்போலக் கிசுகிசுப்பாக வந்தது.

“ஏரியில. நாரைங்க.”

“கூட்டம் பெரிசா? எவ்வளவு உயரத்துல பறக்குது?”

பல் டாக்டர் வாயைத் திறப்பதற்குள், “வெச்சிடறேன், ஆள் வருது” என்று துண்டித்துவிட்டார்.

குளிர் விட்டதும் வடக்கே திரும்பும் பறவைகள் அந்த ஊர் ஏரியில் இறங்கி இளைப்பாறும். விடிந்தும் விடியாமலும் டாக்டரும் நாலைந்து நண்பர்களும் பைனாகுலரோடு கிளம்பிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் பேக்கரிக்காரர் ஒருநாளும் சேர்ந்ததில்லை. ஆனால் இந்த வருஷம் காலையானால் அவர் போன் மட்டும் தவறுவதில்லை.

“அந்த ஆளுக்குக் காக்காய்க்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாது” என்றார் டாக்டரின் கணவர். “என்ன பறவைன்னு என்னிக்காவது கேட்டாரா? எங்க இருக்கு, எவ்வளவு உயரம், இதேதான். துப்பாக்கி வெச்சிருக்கிறவன் கேக்கிற கேள்வி இது.”

“சும்மா இருங்க. பாவம், நல்ல மனுஷன்.”

“போன வருஷம் சுட்டுப்போட்ட நாரையைத் தூக்கிட்டு வந்து அழுதது யாரு? நானா?”

டாக்டருக்கு அந்த நாரையின் கழுத்து கைமேல் துவண்டு கிடந்தது நினைவுக்கு வந்தது. சுட்டவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை ஏரி முழுக்க நாரைகள். தண்ணீரே தெரியவில்லை. கரையில் நிற்கும்போதே போன் வந்தது.

“எந்தப் பக்கம் டாக்டரம்மா?”

“கிழக்கு மேட்டுப் பக்கம். ஏரியில ஒண்ணுகூட இல்ல.”

“நல்லவேளை சொன்னீங்க! ரொம்ப நன்றிம்மா!”

அந்தக் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டதும் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “போய் அந்த மேட்டுல வெயில் காயட்டும்” என்று சிரித்தார் பக்கத்தில் நின்ற கணவர்.

கிளினிக் போகும் வழியில் டாக்டர் பேக்கரியை எட்டிப் பார்த்தார். பூட்டியிருக்கும் என்றுதான் நினைத்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே பேக்கரிக்காரர் வாசலுக்கு முதுகைக் காட்டியபடி மாவு பிசைந்துகொண்டிருந்தார். கை முழுக்க மாவு என்பதால் போன் ஸ்பீக்கரில் கிடந்தது.

“சீக்கிரம் சொல்லுங்கப்பா, கிளம்பணும்.” ஒரு பெண்ணின் குரல். “எந்தப் பக்கம்?”

“கிழக்கு மேட்டுப் பக்கம் போயிடாதே கண்ணு, நாரைக் கூட்டம் அங்கதான் இருக்காம். ஏரி மேலேயே போயிடு.”

“சரிப்பா. ஏரி மேலேயே ஏத்திடறேன்.”

மறுமுனையில் ஒரு இஞ்சின் உறுமத் தொடங்கியது. டாக்டர் பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினார்.

“ஏரிப் பக்கம் வேண்டாம்மா! கூட்டம் பூரா ஏரியிலதான் இருக்கு! கிழக்கால போ, அங்க ஒண்ணுமே இல்ல!”

இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

“யாரு, டாக்டர் ஆன்ட்டியா? சரி ஆன்ட்டி, கிழக்காலேயே போறேன். தேங்க்ஸ்!”

டாக்டர் போனைக் கீழே வைத்தார். பேக்கரிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். பிறகு மனைவி மிக்சி ஓட்டிக்கொண்டிருந்த சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“மெதுவாப் பேசுங்க டாக்டரம்மா. பொண்ணு ஏதோ ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்கிறதா அவ அம்மா நம்பிக்கிட்டிருக்கா; வயலுக்கு மருந்தடிக்கிற விமானத்தை ஓட்டுறது தெரிஞ்சா, எங்க ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ளயே விடமாட்டா!”