திரும்பி ஓடியவள்

"இதோ, இந்தப் பொண்ணைப் பாருங்க மேடம். தப்பிச்சு வெளிய போயிட்டா. ரோட்டுல நிக்கறா. இப்பப் பாருங்க கூத்தை!"

மேனேஜர் ஒகாம்போ திரையைத் தட்டிக் காட்டினார்.

ஜவுளிக்கடையின் முன்வாசல் கேமரா எடுத்த படம். சத்தம் கிடையாது. கூரையிலிருந்து புகை இறங்கிக்கொண்டே இருந்தது. கதவுக்கு வெளியே சீருடையில் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குனிந்து தன் கையைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி, கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். மாடிப்படி ஏறினாள். அப்புறம் வெறும் புகைதான்.

"மாடி கேமரா?"

"கருப்பு. ஒண்ணும் தெரியல."

மரிவிக் வீடியோவை நிறுத்தினாள். தீப்பிடித்தால் ஜனங்கள் எந்த வழியாக ஓடுவார்கள், எங்கே நெரிசலாகும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவள் தொழில். அவளுடைய திரையில் மனிதர்கள் எல்லாம் புள்ளிகள். புள்ளி செத்தால் பயம் வராது. இந்த வீடியோக்கள்தான், எத்தனை பார்த்தாலும் பழகவில்லை.

"உயிரோட இருக்காளா?"

"படியில விழுந்து கிடந்தவளை ஃபயர் சர்வீஸ்காரங்க தூக்கிட்டு வந்தாங்க. ஆஸ்பத்திரியில இருக்கா. பேரு ஜோவெலின், மாடியில குழந்தைங்க துணி செக்‌ஷன்."

"எதுக்குத் திரும்பி ஓடினா?"

"வேற எதுக்கு? கையைப் பார்த்தா, ஹேண்ட்பேகைக் காணோம், ஓடிட்டா! இதுங்களுக்கு உயிரைவிடப் பைதான் பெரிசு. புதுக் கடைக்கு நீங்க பண்ற கணக்குல அதையும் சேர்த்துக்குங்க. சொந்தப் பொருளுக்காகத் திரும்பினான்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா, அவளை வேலையை விட்டு அனுப்பறதும் எனக்குச் சுலபம்."

மரிவிக்குக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. ஒவ்வொரு தீயிலும் இப்படி ஒருத்தர் இருக்கத்தான் செய்கிறார்.

பின்வாசல் கேமராவைப் போட்டாள். அங்கே இன்னும் பயங்கரம். புகை தலைக்கு மேல் நிற்கிறது, விற்பனைப் பெண்கள் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். செக்யூரிட்டி அம்மா இரண்டு கையாலும் அவர்களைப் பிடித்து வெளியே தள்ளுகிறாள்.

"என்ன சார் இது, இந்த நேரத்துல வரிசை?"

ஒகாம்போ சிரித்தார். "பழக்க தோஷம்! முன்வாசல் கஸ்டமருக்கு மட்டும்தான். வேலை செய்யறவங்க பின்வாசல்ல பையைத் திறந்து காட்டணும், தடவிப் பார்த்துத்தான் விடுவோம். அந்தம்மா ஓடுங்க ஓடுங்கன்னு கத்தியும் நிக்குதுங்க பாருங்க, முட்டாளுங்க."

மரிவிக் மறுபடி முன்வாசலுக்கு வந்து, ஜோவெலின் திரும்பும் இடத்தில் படத்தை நிறுத்தினாள்.

"கையில ஏதோ துணி வெச்சிருக்காளே. உயர்த்திப் பிடிச்சிருக்கா. அதால மூக்கை மூடிக்கிட்டிருந்தா மயங்கியிருக்க மாட்டாளே?"

"அந்த அறிவு இருந்தா ஏன் மேடம் திரும்பி ஓடறா?"

மறுநாள் காலை மரிவிக் இலோய்லோ நகரின் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். எந்தப் பொருள், எங்கே வைத்திருந்தாள் என்று தெரிந்தால்தான் புள்ளியை ஓட்ட முடியும்.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த பெண், இவள் கழுத்தில் தொங்கிய கடையின் அனுமதி அட்டையைப் பார்த்ததுமே பதறி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"கடையிலேர்ந்து வர்றீங்களா மேடம்?" குரல் கரகரவென்று வந்தது.

"படு, படு. பயப்படாதே. வீடியோ பார்த்தேன். அதான் கேட்டுட்டுப் போலாம்னு..."

வீடியோ என்றதும் ஜோவெலின் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"வீடியோ இருக்கா மேடம்? நீங்களே பார்த்தீங்களா?"

"பார்த்தேம்மா. வெளிய வந்துட்டு ஏன் திரும்பிப் போனே? பையை விட்டுட்டியா?"

"பையா? அது கீழ பின்வாசல் பக்கம்ல இருக்கும்." ஜோவெலின் இருமினாள். "நான் வேணும்னு எடுக்கல மேடம். சத்தியமா. துணி மடிச்சுட்டு இருந்தேன், தீ மணி அடிச்சுது. ஒரு கஸ்டமரம்மா கைக்குழந்தையோட வழி தெரியாம நின்னாங்க. அவங்களை இழுத்துட்டு ஓடிட்டேன். ரோட்டுக்கு வந்து பார்க்கறேன், கையில கடைச் சட்டை. அதுவும் முன்வாசல் வழியா வந்திருக்கேன்."

மரிவிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தச் சட்டையால மூக்கையாவது மூடியிருக்கலாமே, பொண்ணே?"

"வெள்ளைச் சட்டை மேடம். கறை பட்டுட்டா?"

தீயைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புகையைப் பற்றியும் சொல்லவில்லை. பிடித்த கையை மட்டும் விடவேயில்லை.

"எடுத்த இடத்துலயே மடிச்சு வெச்சுட்டேன் மேடம். அது வீடியோவுல தெரியுதில்ல?"