ஜீப் யார் பேரில்?

நெருப்பெரிச்சல் ஊரில் யார் வாசலில் எது வந்து நின்றாலும், அதன் பூர்வீகம் தெரியாமல் மாரக்காளுக்குச் சோறு இறங்காது. மகள் நிர்மலாவின் நிச்சயதார்த்தத்துக்கு அழைக்கும் சாக்கில் எதிர்வீட்டுக்குள் நுழைந்தாள்.

"புதன்கிழமை வந்துருங்கக்கா. மாப்பிள்ளை ஊடு பெருமாநல்லூருங்க. அதென்னங்க, மலையேறுற ஜீப்பை வாங்கி நிறுத்தியிருக்குது உங்க பையன்? இங்க ஏதுங்க மலை?"

"முனீசுக்குச் சின்ன வயசுலயிருந்து ஆசை. நம்ம ரோட்டுக் குழிக்கு இதுதான் லாயக்குன்னு சொல்லுதான்" என்றாள் பாண்டியம்மாள்.

"பழைய வண்டிதானுங்களே?"

பாண்டியம்மாளுக்குச் சுருக்கென்றது. பீரோவிலிருந்து ஆர்.சி. புக்கை எடுத்து நீட்டினாள்.

"புதுசுதான். எனக்கு எழுத்து தெரியாது. நீங்களே படிச்சுப் பாருங்க."

மாரக்காள் ஆவலாகப் பிரித்தாள். உரிமையாளர் பெயர் நிர்மலா. கணவர் பெயர் முனீஸ்.

மாரக்காள் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.

"உங்க பையனுக்கு... கல்யாணம்..."

"அதுக்கென்ன அவசரம்? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

வாசலில் ஹாரன் அடித்தது. முனீஸ் ஜீப்பை ஸ்டார்ட் செய்திருந்தான். பக்கத்து சீட்டில், மடியில் துணிப்பையோடு நிர்மலா. மாரக்காளைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"அம்மா, அந்தப் புக்கைக் கொண்டாந்து குடுங்க. வழியில போலீஸ் கேட்டாக் காட்டோணும்."